உருளைத் தலைக் கஸ்கெட் எரிதலும் அதனை மாற்றுதலும்

க.பொ.த. (சாதாரண தரம்) தொழினுட்பப் பாட மாணவர்களுக்கான துணைக் கட்டுரை

இக்கட்டுரையைக் கற்ற பின்னர் நீங்கள்,
• உருளைத் தலைக் கஸ்கெட்டின் தொழில்களைக் கூறவும்,
• அது பழுதடைவதற்கான காரணங்களை விஞ்ஞான முறையில் விளக்கவும்,
• பழுதின் அறிகுறிகளை இனங்காணவும்,
• கஸ்கெட்டை மாற்றும் படிமுறைகளை ஒழுங்காக எழுதவும் தேர்ச்சி பெறுவீர்கள்.

1. அறிமுகம்

வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் ஏ 23 வீதியை எமது மாவட்டத்து மாணவர்கள் அறிவர். வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து அண்ணளவாக 200 மீற்றர் உயரத்திலும், எல்ல 1041 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இடைத்தூரம் ஏறத்தாழ 27 கிலோமீற்றர். இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைக் கடந்த பின்னரும் ஏற்றம் முடிவதில்லை. இவ்வீதியோரத்தில் முன்மூடி திறக்கப்பட்டு, ரேடியேற்றரிலிருந்து நீராவி எழும்ப, ஒரு வான் நிற்பதை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள்.

அந்த வான் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுவதாக இருக்கலாம். தோட்டத்துக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டு செல்லும் லொறியாகவும் இருக்கலாம். அன்றைய ஹயர் ஓட்டத்தை நம்பியே அடுப்பெரியும் ஒரு வீட்டின் ஒரே சொத்தாகவும் இருக்கலாம். வாகனம் சூடேறிய முதல் ஐந்து நிமிடங்களில் சாரதி செய்யும் செயலே, ஒரு ரப்பர்க் குழாயை மாத்திரம் மாற்றுவதா, கஸ்கெட்டை மாற்றுவதா, முழு எஞ்சினையே மாற்றுவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓட்ட வேண்டியிருந்தது. ஆகவே இவ்வலகு பரீட்சைக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் வேண்டியதாகும்.

2. சொல் அறிவு

பாடநூலில் ஒரு சொல்லும் கராஜில் வேறொரு சொல்லும் வழங்குவதுண்டு. இரண்டையும் அறிந்து வைத்திருங்கள். விடைத்தாளில் பாடநூற் சொல்லையே எழுதுக.

• உருளை – சிலிண்டர்
• உருளைத் தலை – ஹெட்
• உருளைக் குற்றி – புளொக்
• முசலம் – பிஸ்டன்
• சுழற்றித் தண்டு – கிராங்க்
• தீப்பொறிச் செருகி – பிளக்
• தள்ளுகோல் – புஷ் ரொட்
• முறுக்கச் சாவி – டோர்க் ரென்ச்
• தலையின் முகத்தைச் சீவி மட்டமாக்கல் – ஸ்கிம் பண்ணுதல்

3. கஸ்கெட் என்பது யாது?

எஞ்சினின் கீழ்ப்பகுதியாகிய உருளைக் குற்றியில் முசலங்கள் மேலும் கீழும் இயங்குகின்றன. அதன் மேல் மூடியாக அமைவது உருளைத் தலை. இரண்டும் உலோகத்தாலானவை. எவ்வளவு நுட்பமாகச் செதுக்கினாலும் இரு உலோக முகங்கள் முற்றாகப் பொருந்துவதில்லை. நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். அவ்விடைவெளிகளை அடைப்பதற்காக இரண்டுக்கும் நடுவே வைக்கப்படும் தகடே உருளைத் தலைக் கஸ்கெட் ஆகும்.

ஒரே தகடு ஒரே வேளையில் மூன்று தொழில்களைச் செய்கிறது.
(அ) தகன அறையிலுள்ள உயர் அமுக்க வாயு வெளியேறாமல் தடுத்தல்.
(ஆ) குற்றியிலிருந்து தலைக்குச் செல்லும் குளிர்த்தும் நீர் கசியாமல் தடுத்தல்.
(இ) தலைக்குச் செல்லும் எஞ்சின் ஒயில் கசியாமல் தடுத்தல்.

வாயு, நீர், ஒயில் ஆகிய மூன்றும் சில மில்லிமீற்றர் இடைவெளியில் அருகருகே செல்கின்றன. ஆயினும் ஒன்றோடொன்று கலத்தல் ஆகாது. கஸ்கெட்டின் எப்பகுதி பழுதடைகிறதோ, அதற்கேற்ப எதனோடு எது கலக்கும் என்பது மாறுபடும்.

பழைய எஞ்சின்களில் செப்புத் தகடுகளுக்கு நடுவே அஸ்பெஸ்டஸ் வைத்த கஸ்கெட்டுகள் பயன்பட்டன. இன்றைய பல எஞ்சின்களில் மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்த கஸ்கெட்டுகள் உள்ளன.

4. கஸ்கெட் தாங்கும் விசை எவ்வளவு?

கணிப்பு 1: ஓர் உருளையின் விட்டம் 7 ச.மீ. எரிபொருள் எரியும்போது உச்ச அமுக்கம் 5 000 000 பஸ்கால் எனக் கொள்வோம். தலையை மேல்நோக்கித் தள்ளும் விசையைக் காண்க.

பரப்பளவு = 22/7 × 3.5 × 3.5 = 38.5 சதுர ச.மீ = 0.00385 சதுர மீற்றர்
விசை = அமுக்கம் × பரப்பளவு = 5 000 000 × 0.00385 = 19 250 நியூற்றன்

இது ஏறத்தாழ 1900 கிலோகிராம் திணிவொன்றின் நிறைக்குச் சமன். ஒரு சிறிய வானையே தலையில் தொங்கவிட்டது போன்ற விசை, ஒவ்வொரு வலு அடிப்பிலும் ஒவ்வோர் உருளையிலும் தோன்றி மறைகிறது. நான்கு அடிப்பு எஞ்சினொன்று நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்போது, ஓர் உருளையில் நிமிடத்திற்கு 1500 தடவை இவ்விசை தாக்குகிறது. தலையை இறுக்கும் ஆணிகள் சீராக இறுக்கப்பட வேண்டியதன் காரணம் இதுவே.

5. மலைப்பாதையில் ஏன் அதிகம் சூடாகிறது?

கணிப்பு 2: 1000 கிலோகிராம் திணிவுள்ள வாகனம் வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு 840 மீற்றர் உயர்கிறது. (புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொள்க.)

பெறும் அழுத்த சக்தி = 1000 × 10 × 840 = 8 400 000 யூல்

பெற்றோல் எஞ்சினின் திறனை 25% எனக் கொண்டால், இவ்வுயர்ச்சிக்கு மட்டும் எரிபொருளிலிருந்து 33 600 000 யூல் வேண்டும். இது ஏறத்தாழ ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கியுள்ள சக்தி. இதில் அண்ணளவாக மூன்றிலொரு பங்கு, அதாவது 11 200 000 யூல், குளிர்த்தும் நீரைச் சென்றடைகிறது எனக் கொள்வோம். எஞ்சினில் 5 கிலோகிராம் நீர் இருந்து, ரேடியேற்றர் வெப்பத்தைச் சற்றும் வெளியேற்றாவிடின்,

வெப்பநிலை உயர்வு = 11 200 000 ÷ (5 × 4200) = 533 °செ

உண்மையில் நீர் இவ்வளவு சூடாகாது. அதற்கு வெகு முன்னரே கொதித்து ஆவியாகிவிடும். ஏற்றத்தில் ரேடியேற்றர் செய்யும் வேலையின் அளவை இக்கணிப்பு உணர்த்துகிறது. ஏற்றத்தில் வாகனம் முதலாம், இரண்டாம் கியரில் மெதுவாகச் செல்வதால் முன்னாலிருந்து வீசும் காற்றும் குறைவு. வெப்பம் கூடுகிறது, அதனை அகற்றும் காற்று குறைகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. உயரம் கூடக்கூட வளிமண்டல அமுக்கம் குறைகிறது. எல்லவில் அது அண்ணளவாக 89 கிலோபஸ்கால். அங்கு திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 96.5 °செ இலேயே கொதிக்கும். ரேடியேற்றர் மூடியிலுள்ள சுருளிவில் உள்ளமுக்கத்தை உயர்த்தி நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. 90 கிலோபஸ்கால் மேலதிக அமுக்கத்தைத் தாங்கும் மூடி இருந்தால், கடல் மட்டத்தில் ஏறத்தாழ 119 °செ வரையும், எல்லவில் ஏறத்தாழ 116 °செ வரையும் நீர் கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இப்பாதுகாப்பு இல்லாமற் போகும். எனவே விலை குறைந்த ஒரு மூடி, விலை கூடிய ஓர் எஞ்சினைக் காக்கிறது.

6. சூடேறினால் கஸ்கெட் ஏன் எரிகிறது?

"எரிதல்" என்பது கராஜ் வழக்கு. தகன அறையின் சூடான வாயு கஸ்கெட்டின் ஓரத்தை அரித்து வழி உண்டாக்குவதையே இது குறிக்கும். அதற்கு முதற்காரணம் பெரும்பாலும் உலோகங்களின் விரிவாகும்.

கணிப்பு 3: 400 மி.மீ நீளமான அலுமினியத் தலை, அதே நீளமான வார்ப்பிரும்புக் குற்றியின் மீது உள்ளது. வெப்பநிலை 80 °செ உயர்கிறது. நீட்டல் விரிகைத்திறன்: அலுமினியம் 0.000023, வார்ப்பிரும்பு 0.000011 (ஒரு பாகை செல்சியசுக்கு).

அலுமினியத்தின் விரிவு = 400 × 0.000023 × 80 = 0.736 மி.மீ
வார்ப்பிரும்பின் விரிவு = 400 × 0.000011 × 80 = 0.352 மி.மீ
வேறுபாடு = 0.384 மி.மீ

தலை ஒரு புறம் நகர, குற்றி நகராதிருக்க, நடுவேயுள்ள கஸ்கெட் ஒவ்வொரு பயணத்திலும் உராய்கிறது. சாதாரண வெப்பநிலையில் கஸ்கெட் இதனைத் தாங்கும். நீரின்றி அளவுக்கு மீறிச் சூடாகினால் தலை சீராக விரியாது. ஆணிகள் பிடித்திருப்பதால் வளைந்துவிடும். ஆறிய பின்னரும் வளைவு முற்றாக நிமிராது. வளைந்த இடத்தில் கஸ்கெட்டை அழுத்தும் விசை குறைகிறது; அவ்விடத்தால் வாயு புகுகிறது.

ஆகவே கஸ்கெட் எரிதல் பெரும்பாலும் நோயன்று, நோயின் விளைவாகும். நீர்க் குழாய் வெடித்தல், நீர்ப் பம்பி பழுதடைதல், விசிறி இயங்காமை, ரேடியேற்றர் துருவால் அடைபடல், தெர்மோஸ்டட் திறக்காமை, ஆணிகள் ஒழுங்காக இறுக்கப்படாமை ஆகியன மூலகாரணங்களாகும். மூலகாரணத்தைத் தேடாது கஸ்கெட்டை மட்டும் மாற்றினால் புதிய கஸ்கெட்டும் சில வாரங்களில் எரியும்.

7. அறிகுறிகள்

(1) எஞ்சின் இயங்கும்போது ரேடியேற்றர் நீரில் இடைவிடாது குமிழிகள் எழல் – தகன வாயு நீருடன் கலக்கிறது. (மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் கழற்றிவிட்டு, பின்னர் இயக்கிச் சோதிக்க வேண்டும்.)
(2) வெளிக்கசிவு இல்லாமலே நீர் குறைதல், புகைக்குழாயால் வெண்ணிற ஆவி நெடுநேரம் வருதல் – நீர் உருளையினுள் செல்கிறது.
(3) ஒயில் பால் கலந்த தேநீர் போல் மாறுதல் – நீரும் ஒயிலும் கலக்கின்றன.
(4) அடுத்தடுத்த இரு உருளைகளில் நெருக்கல் அமுக்கம் குறைதல் – இரண்டுக்கும் நடுவே கஸ்கெட் எரிந்துள்ளது.
(5) தலையும் குற்றியும் சேரும் விளிம்பில் நீர் அல்லது ஒயில் கசிதல் – கஸ்கெட்டின் வெளியோரம் பழுதடைந்துள்ளது.

எடுத்துக்காட்டு: ஒரு வானின் நான்கு உருளைகளிலும் நெருக்கல் அமுக்கம் முறையே 9.8, 4.1, 4.0, 9.9 பார் என அளக்கப்பட்டது. 2 ஆம், 3 ஆம் உருளைகள் மட்டும் ஒரே அளவிற்குக் குறைந்துள்ளன. எனவே அவ்விரண்டிற்கும் இடையிலான பகுதியில் கஸ்கெட் எரிந்திருக்கலாம் என முடிவு செய்யலாம்.

கவனிக்க: ஒரே அறிகுறியைக் கண்டு முடிவு செய்தல் கூடாது. பண்டாரவளை, அப்புத்தளை போன்ற குளிர்ந்த இடங்களில் காலையில் எந்த வாகனத்தின் புகைக்குழாயாலும் வெண்ணிற ஆவி வரும். எஞ்சின் சூடானதும் மறையும். குறுந்தூரம் மட்டும் ஓடும் வாகனத்தில் ஒயில் மூடியின் அடியில் சிறிது பால்நிறப் படிவு காணப்படலாம். அது காற்றிலுள்ள ஈரப்பதன் ஒடுங்கியதால் வருவது. ஒயிற் கோலிலும் பால்நிறம் இருந்து, நீரும் குறைந்து கொண்டே வந்தால்தான் கஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். தேவையின்றி எஞ்சினைத் திறப்பது வாகன உரிமையாளருக்குச் செய்யும் அநீதியாகும்.

8. வீதியில் செய்ய வேண்டியதும் செய்யத் தகாததும்

• வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினால் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். "இன்னும் இரண்டு வளைவுதானே" என்று ஓட்டுதல் ஆகாது.
• வாகனம் பின்னால் உருளாதபடி கைத்தடுப்பை இழுத்து, சில்லுக்குக் கல் வைக்க வேண்டும்.
• சூடான ரேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. மூடியைத் தளர்த்தியதும் உள்ளமுக்கம் சட்டென இறங்கும். 100 °செ இற்கு மேலுள்ள நீர் அக்கணமே ஆவியாகி முகத்திலும் கைகளிலும் தெறிக்கும். துணியைப் போர்த்தித் திறப்பதும் பாதுகாப்பன்று.
• சூடான எஞ்சின் மீதோ அதனுள்ளோ குளிர்ந்த நீரை ஊற்றலாகாது. திடீர்ச் சுருக்கத்தால் தலை வெடிக்கலாம்.
• எஞ்சின் ஆறிய பின் நீரை நிரப்பி, குறைந்தது எதனால் என்று பார்க்க வேண்டும். உருளையில் நீர் புகுந்திருக்கும் எனச் சந்தேகித்தால் எஞ்சினை இயக்க முயலக் கூடாது. நீரை நெருக்க முடியாது. மேலேறும் முசலம் தடைப்பட்டு இணைப்புத் தண்டு வளையும்.

9. கஸ்கெட்டை மாற்றும் படிமுறை

கற்பதற்கு எளிய அமைப்புடைய மொறிஸ் மைனர் எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை பிரித்தானியாவில் உற்பத்தியான இக்கார் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகிறது. 1990களில் இதன் உடற்பாகங்களை இலங்கையிலேயே தயாரித்துப் பிரித்தானியாவிற்கு அனுப்பினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1952 முதல் இக்காரில் பொருத்தப்பட்ட எஞ்சினில் தலையும் குற்றியும் வார்ப்பிரும்பு. வால்வுகளைத் தள்ளுகோல்களும் ரொக்கர்களும் இயக்குகின்றன.

(அ) கழற்றுதல்

படி 1: எஞ்சினை முற்றாக ஆறவிடுக. மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுக.
படி 2: ரேடியேற்றரிலும் குற்றியிலும் உள்ள நீரை வடித்து ஒரு பாத்திரத்தில் சேர்க்க. குளிர்த்தும் திரவத்திலுள்ள எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. இனிப்புச் சுவை உள்ளதால் நாய்களும் சிறுபிள்ளைகளும் பருகக்கூடும். கானிலோ ஓடையிலோ ஊற்றலாகாது.
படி 3: மேல் நீர்க் குழாய், காற்று வடிகட்டி, காபரேற்றர், புகைக்குழாய் இணைப்பு, தீப்பொறிச் செருகி வயர்கள் ஆகியவற்றை அகற்றுக. வயர்களுக்கு இலக்கமிடுக.
படி 4: ரொக்கர் மூடியைக் கழற்றுக. தலையை இறுக்கும் பிரதான நட்டுகள் ஒன்பது. ரொக்கர் தாங்கிகளைப் பிடித்துள்ள நான்கு சிறிய நட்டுகளையும் அவற்றோடு சேர்த்து, சிறிது சிறிதாக, வெளியிலிருந்து நடுவை நோக்கித் தளர்த்துக. ஒரு பக்கத்தை மட்டும் முற்றாகத் தளர்த்தினால் தலை வளையும்.
படி 5: ரொக்கர் தொகுதியை எடுத்து, எட்டுத் தள்ளுகோல்களையும் ஒவ்வொன்றாக உருவுக. ஒரு அட்டைப் பெட்டியில் எட்டுத் துளையிட்டு, 1 முதல் 8 வரை இலக்கமிட்டு, அதே ஒழுங்கில் செருகி வைக்க. ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பாகங்கள் தமது பழைய இடத்திற்கே மீள வேண்டும்.
படி 6: தலையை நேராக மேலே தூக்குக. ஒட்டியிருந்தால் மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுக. இரு முகங்களுக்கும் இடையில் திருப்புளியைச் செருகி நெம்பலாகாது.

(ஆ) சோதித்தல்

படி 7: பழைய கஸ்கெட்டை எறிந்துவிடாது பார்வையிடுக. கருகிய கோடு எங்கிருந்து எங்கே செல்கிறது என்பது பழுதின் வரலாற்றைக் கூறும்.
படி 8: இரு முகங்களையும் சுத்தம் செய்க. பழைய கஸ்கெட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். உலர்நிலையில் சுரண்டித் தூசி எழுப்பலாகாது. நனைத்து அகற்றுக, முகமூடி அணிக. அதன் தூசி நுரையீரலைப் பாதிக்கும்.
படி 9: தலையின் முகத்தில் நேர்விளிம்பை நீளவாட்டிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, இடைவெளிமானியின் தகட்டைச் செருகிப் பார்க்க. இன்றைய பல எஞ்சின்களில் 0.05 மி.மீ அளவு வளைவே எல்லையாகும். சரியான எல்லையை உரிய கையேட்டில் பார்க்க. எல்லையைத் தாண்டினால் தலையைப் பட்டறைக்குக் கொடுத்துச் சீவி மட்டமாக்க வேண்டும். வெடிப்பு உண்டா என்பதையும் சோதிக்க வேண்டும்.
படி 10: ஆணித் துளைகளிலுள்ள நீரையும் ஒயிலையும் துடைத்தெடுக்க. அடி மூடிய துளையில் திரவம் இருந்தால், ஆணி இறங்கும்போது அத்திரவத்தின் அமுக்கத்தாலேயே குற்றி வெடிக்கலாம்.

(இ) பொருத்துதல்

படி 11: புதிய கஸ்கெட்டை வைக்குக. மேற்பக்கம், முன்பக்கம் என்பன அதில் குறிக்கப்பட்டிருக்கும். திருப்பி வைத்தால் நீர்த் துளைகள் மறைந்துவிடும். எல்லாத் துளைகளும் பொருந்துகின்றனவா எனப் பார்க்க. கழற்றிய கஸ்கெட்டை மீண்டும் பயன்படுத்தலாகாது. அது ஒருமுறை நசுங்கி வடிவம் பெற்றுவிட்டது.
படி 12: தலையை இறக்கி, தள்ளுகோல்களையும் ரொக்கர் தொகுதியையும் பொருத்துக.
படி 13: நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று சுற்றுகளில் இறுக்குக. நடுவிலிருந்து தொடங்கினால் தகடு வெளிநோக்கி மட்டமாகப் படியும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் புடைப்பு அகப்பட்டுக்கொள்ளும். இவ்வெஞ்சினின் தலை நட்டுகளுக்கு இறுதி முறுக்கம் 40 இறாத்தல் அடி, அதாவது ஏறத்தாழ 54 நியூற்றன் மீற்றர்.

கணிப்பு 4: 0.4 மீற்றர் நீளமான முறுக்கச் சாவியின் நுனியில் பிரயோகிக்க வேண்டிய விசை = 54 ÷ 0.4 = 135 நியூற்றன். இதே விசையை 0.8 மீற்றர் குழாயொன்றை மாட்டிப் பிரயோகித்தால் முறுக்கம் 108 நியூற்றன் மீற்றராக இரட்டிக்கும்; ஆணி நீண்டுவிடும் அல்லது முறியும். "கைக்கணக்கு" போதாது என்பதற்கு இதுவே சான்று.

படி 14: வால்வு இடைவெளியை 0.012 அங்குலமாக, அதாவது ஏறத்தாழ 0.30 மி.மீ ஆகச் சரிசெய்க. இதற்கு "ஒன்பது விதி" உதவும். 8 ஆம் வால்வு முற்றாகத் திறந்திருக்கும்போது 1 ஆம் வால்வையும், 6 ஆம் வால்வு திறந்திருக்கும்போது 3 ஆம் வால்வையும் சரிசெய்க. திறந்திருக்கும் இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழித்தால் சரிசெய்ய வேண்டிய வால்வின் இலக்கம் கிடைக்கும்.
படி 15: எஞ்சின் ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றுக. நீர் நிரப்பி, சிறைப்பட்ட காற்றை வெளியேற்றி, எஞ்சினை இயக்கிக் கசிவு பார்க்க. எஞ்சின் சூடாகி மீண்டும் ஆறிய பின் நட்டுகளின் முறுக்கத்தை மறுபடி சரிபார்த்து, வால்வு இடைவெளியையும் சோதிக்க.

10. இன்றைய எஞ்சின்களில் வேறுபாடுகள்

• பெரும்பாலும் தலை அலுமினியத்தாலானது, எளிதில் வளையும்.
• பல எஞ்சின்களின் தலை ஆணிகள், முதலில் குறித்த முறுக்கத்திற்கும் பின்னர் குறித்த கோணத்திற்கும் இறுக்கப்படுகின்றன. அவை இறுக்கும்போது நிலையாக நீள்வதால் ஒருமுறை மட்டுமே பயன்படும்.
• நேர ஒழுங்குப் பட்டியையோ சங்கிலியையோ கழற்ற வேண்டியிருப்பதால், குறிகளைச் சரியாகப் பொருத்துதல் அவசியம். தவறினால் முசலம் வால்வுகளில் மோதக்கூடும்.
• பல டீசல் எஞ்சின்களில் கஸ்கெட் வெவ்வேறு தடிப்புகளில் கிடைக்கிறது. முசலம் குற்றியின் மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அளந்தே தடிப்பைத் தெரிவு செய்ய வேண்டும்.
• சூடேறும் வாகனத்தில் தெர்மோஸ்டட்டைக் கழற்றிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது தீர்வன்று. எஞ்சின் உரிய வெப்பநிலையை அடையத் தாமதமாகி, எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். மூலகாரணமும் மறைந்தே கிடக்கும். பழுதடைந்த தெர்மோஸ்டட்டை மாற்றுவதே முறை.

11. தொழில் நோக்கு

எமது தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் கராஜில் "கோலயா"வாகச் சேர்ந்து, பார்த்துப் பழகியே பாஸ்மார் ஆனவர்கள். அவர்களது கைத்திறன் மதிக்கத்தக்கது. ஆயினும் "ஏன் நடுவிலிருந்து இறுக்க வேண்டும்?" என்ற வினாவிற்கு விடை தெரிந்தவரே, முன்பின் கண்டிராத எஞ்சினிலும் துணிந்து கைவைக்க முடியும். சாதாரண தரத்தின் பின்னர் பதுளை தொழினுட்பக் கல்லூரியிலும், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் உள்ள பாடநெறிகளைப் பற்றி விசாரித்து அறியுங்கள். ஏற்கெனவே கராஜில் வேலை செய்பவர்களும் தமது அனுபவத்தை மதிப்பிடச் செய்து தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு.

12. பயிற்சி வினாக்கள்

1. உருளைத் தலைக் கஸ்கெட்டின் மூன்று தொழில்களைக் குறிப்பிடுக.
2. தலையின் நட்டுகளைத் தளர்த்தும் ஒழுங்கும் இறுக்கும் ஒழுங்கும் ஏன் ஒன்றுக்கொன்று எதிரானவை?
3. ஒரு சாரதி, "வாகனம் காலையில் வெண்புகை விடுகிறது, கஸ்கெட் எரிந்துவிட்டது" என்கிறார். இம்முடிவை ஏற்கலாமா? நீர் செய்யும் மேலும் இரு சோதனைகளைக் கூறுக.
4. 500 மி.மீ நீளமான அலுமினியத் தலை 100 °செ சூடேறினால் எவ்வளவு விரியும்?
5. புதிய கஸ்கெட் பொருத்தி ஒரு மாதத்தில் மீண்டும் எரிந்தது. சாத்தியமான மூன்று காரணங்களைத் தருக.

விடைக் குறிப்புகள்

1. தகன வாயு, குளிர்த்தும் நீர், எஞ்சின் ஒயில் ஆகியன கசியாமலும் கலவாமலும் தடுத்தல்.
2. இறுக்கும்போது நடுவிலிருந்து தொடங்கினால் கஸ்கெட் வெளிநோக்கி மட்டமாகப் படியும். தளர்த்தும்போது ஓரத்திலிருந்து தொடங்கினால் தலையின் மீதான இழுவை சீராகக் குறையும். இரண்டும் தலை வளைவதைத் தடுப்பதற்கே.
3. ஏற்க முடியாது. குளிர்ந்த காலையில் நீராவி ஒடுங்குவது இயல்பு. எஞ்சின் சூடான பின்னும் தொடர்கிறதா எனப் பார்த்த பின்னர், ரேடியேற்றரில் குமிழி உண்டா எனவும், உருளைகளின் நெருக்கல் அமுக்கம் எவ்வளவு எனவும் சோதிக்க வேண்டும்.
4. 500 × 0.000023 × 100 = 1.15 மி.மீ.
5. மூலகாரணம் (அடைபட்ட ரேடியேற்றர், பழுதான நீர்ப் பம்பி முதலியன) திருத்தப்படாமை. வளைந்த தலையைச் சீவாமல் பொருத்தியமை. முறுக்கச் சாவியின்றிச் சீரற்று இறுக்கியமை. பழைய ஆணிகளை மீளப் பயன்படுத்தியமை என எழுதினும் புள்ளி வழங்கலாம்.